கட்டண ரசீதில் உள்ள விளையாட்டுக் கட்டணம் கால்பந்து அணிக்கா போகிறது?

ஆட்டம் பார்க்கவே போகாத உங்கள் மகள் கட்டும் விளையாட்டுக் கட்டணம் அமெரிக்கக் கால்பந்து அணிக்கும் போகிறதா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் போகிறது.

அவர் படிக்கும் அரசுப் பல்கலைக்கழகம் பிக் டென், எஸ்.இ.சி. போன்ற பெரிய கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்புகளில் இல்லாததே காரணமாக இருக்கும். தொலைக்காட்சி ஒப்பந்தப் பணத்தின் பெரும்பகுதி அவற்றுக்கே சென்றுவிடுவதால், பயிற்சியாளர் சம்பளம், பயணம், மைதானக் கடன் ஆகியவற்றில் விழும் துண்டை மற்றப் பல்கலைக்கழகங்கள் மாணவர் கட்டணத்தாலும் பொது நிதியாலும் அடைக்கின்றன.

உறுதிசெய்ய, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வுக்குப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் அனுப்பும் நிதி அறிக்கையை அந்த மாநிலத்தின் பொதுப்பதிவுச் சட்டப்படி கேட்டு வாங்குங்கள். 'மாணவர் கட்டணம்', 'பல்கலைக்கழக நேரடி உதவி' என்ற இரண்டு வரிகளிலும் உள்ள தொகைகளைக் கூட்டி, விளையாட்டுத் துறையின் மொத்த வருவாயால் வகுத்துப் பாருங்கள். கால்பந்துக்கான நெடுவரிசையைத் தனியாகவும் பாருங்கள்.

ஆனால் அந்தத் தொகை முழுவதையும் வீண்செலவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீரர்களின் உதவித்தொகை முழுக் கல்விக் கட்டண மதிப்பில் செலவாக எழுதப்படுகிறது. வகுப்பில் ஒரு மாணவர் கூடுதலாக அமர்வதால் பல்கலைக்கழகத்துக்கு ஆகும் உண்மைச் செலவு அதைவிடக் குறைவு. பர்மிங்காமிலுள்ள அலபாமா பல்கலைக்கழகம் 2014 டிசம்பரில் செலவைக் காட்டிக் கால்பந்து அணியைக் கலைத்தபோது இந்தக் கணக்கே பெரிய வாதமானது. 2015 ஜூனில் முடிவு மாற்றப்பட்டு, 2017இல் அணி மீண்டும் களமிறங்கியது.

இருந்தாலும், மாணவர்களின் வாக்கெடுப்பு இல்லாமல் இக்கட்டணத்தை உயர்த்துவது நியாயமில்லை என்பதே என் உறுதியான கருத்து.