மூன்றாவது ஸ்ட்ரைக்கும் நழுவிய பந்தும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 12 வயதுப் பிரிவு சாஃப்ட்பால் ஆட்டம். எதிரணிப் பெண் மூன்றாவது ஸ்ட்ரைக்கையும் (அடிக்கத் தவறிய, அல்லது அடிக்க வேண்டியதை அடிக்காமல் விட்ட பந்து ஒரு ஸ்ட்ரைக்) சுழற்றிக் கோட்டை விட்டாள். பந்து தரையில் குத்தி எழும்ப, கேட்சராக பேட்டருக்குப் பின்னால் நின்ற என் மகள் அதை அழகாகப் பிடித்து, பந்து எறியும் பிட்சரை நோக்கி உருட்டிவிட்டாள். அதற்குள் அந்தப் பெண் முதல் பேஸுக்கு (ஓடிச் சேர வேண்டிய முதல் நிலைக்கு) ஓடிவிட்டாள், அம்பயர் ‘சேஃப்’, அதாவது அவுட் இல்லை என்கிறார். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட்தானே சார்?
– ஒரு கேட்சரின் அப்பா

பதில்: உங்கள் மகள் அழகாகப் பிடித்தாள், சரி. ஆனால் தரையில் பட்ட பிறகு பிடித்தாள், சிக்கல் அங்கேதான். மூன்றாவது ஸ்ட்ரைக்கைத் தரையில் படுமுன் கேட்சர் பிடித்தால்தான் அந்த அவுட் முழுமையாகும். இல்லையென்றால், முதல் பேஸ் காலியாக இருக்கும்போது, அல்லது ஏற்கெனவே இரண்டு அவுட் ஆகியிருக்கும்போது, பேட்டர் ஓடலாம். அவளைப் பந்தால் தொட வேண்டும், அல்லது அவள் போய்ச் சேருமுன் பந்து முதல் பேஸுக்குப் போக வேண்டும். அவள் சுழற்றித் தவறவிட்டாளா, சும்மா நின்று பார்த்தாளா என்பதும் ஒரு பொருட்டில்லை, இரண்டுக்கும் இதே விதிதான்.

இது இப்போது யாரோ புகுத்திய குறுக்குவழி என்று நினைக்க வேண்டாம். சாஃப்ட்பால் பிறந்ததே 1887-இல் சிகாகோவில். அதற்கும் முன்பே, 1845-இல் எழுதப்பட்ட நிக்கர்பாக்கர் பேஸ்பால் விதிகளிலேயே, அடிக்கத் தவறிய மூன்றாவது பந்தைப் பிடிக்காவிட்டால் பேட்டர் ஓடியாக வேண்டும் என்று இருக்கிறது.

கேள்வி: முதல் பேஸில் ஆள் இருந்தால் மட்டும் ஏன் ஓடக்கூடாது? இது என்ன நியாயம்?

பதில்: நல்ல கேள்வி, நிறைய கோச்சுகளே இதை மனப்பாடமாகத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தத் தடை இல்லை என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள். மூன்று பேஸிலும் ஆள், அவுட் எதுவும் இல்லை. விவரமான கேட்சர் மூன்றாவது ஸ்ட்ரைக்கை வேண்டுமென்றே கீழே போட்டால் பேட்டர் ஓடியாக வேண்டும், அவள் வருவதால் மற்ற மூவரும் அடுத்த பேஸுக்குத் தள்ளப்படுவார்கள், அவர்கள் போய்ச் சேருமுன் பந்து அங்கே போனால் அவுட். கேட்சர் பந்தோடு ஹோம் பிளேட்டை (பேட்டர் நின்று அடிக்கும் இடத்துத் தட்டை) மிதித்துவிட்டு மூன்றாவது பேஸுக்கு எறிந்தால் நோகாமல் இரண்டு அவுட், கொஞ்சம் வேகம் இருந்தால் மூன்று. பந்தைக் கோட்டை விட்டவளுக்குப் பரிசு! அதனால்தான் இரண்டு அவுட் ஆகாத நிலையில் முதல் பேஸில் ஆள் இருந்தால், பந்து எங்கே போனாலும் பேட்டர் அவுட் என்று வைத்தார்கள். இரண்டு அவுட் ஆனபின் தேவை ஒரே ஒரு அவுட்தான், ஏமாற்றி லாபமில்லை, அதனால் தடை போய்விடுகிறது.

இதிலேயே இன்னொன்று. முதல் பேஸில் ஆள் இருந்தாளா என்பதை பிட்ச் போடும், அதாவது பிட்சர் பந்தை எறியும் நேரத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள். அவள் அந்த பிட்ச்சிலேயே இரண்டாவது பேஸைத் திருட, அதாவது அடி விழக் காத்திராமல் போய்ப் பிடிக்க, ஓடிவிட்டாலும் பேஸ் காலி ஆகிவிட்டதாகக் கணக்கில்லை.

இரண்டு அவுட், மூன்று பேஸும் நிரம்பியிருக்கும்போது சின்ன கேட்சர்கள் செய்வதைப் பார்த்திருப்பீர்கள்: பந்து காலடியில் கிடக்கும், பிளேட் ஓர் எட்டில் இருக்கும், அதை விட்டுவிட்டு முதல் பேஸுக்கு வீசுவாள், பந்து ஓடுகிறவளின் முதுகுக்கு மேலே பறந்து வலது ஃபீல்டுக்குப் போகும், அடுத்தடுத்து ரன்கள் வந்து விழும். பந்தை எடுத்து பிளேட்டை மிதித்தால் போதும், இன்னிங்ஸ் முடிந்தது. பயிற்சியில் வேறு எதைச் சொல்லிக்கொடுக்காவிட்டாலும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: ஒரு அவுட், முதல் பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஆள். மூன்றாவது ஸ்ட்ரைக் கீழே விழுந்தது. அவுட் ஆன பேட்டர் சும்மா முதல் பேஸுக்கு ஓட, எங்கள் கேட்சர் அங்கே எறிந்தாள், மூன்றாவதில் இருந்தவள் ஹோமுக்கு வந்துவிட்டாள். இது இடையூறு இல்லையா?

பதில்: பொதுவாக இல்லை. ஆட்டம் உயிரோடுதான் இருக்கிறது, எத்தனை அவுட், யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருப்பது தடுக்கும் அணியின் வேலை. அவள் வேண்டுமென்றே ஓடினாளோ, விதி தெரியாமல் ஓடினாளோ, அம்பயர் மனதைப் படிக்க முடியாது. ஆனால் இங்கே அம்பயருக்கும் ஒரு கடமை உண்டு: பேட்டர் ஓட உரிமை இல்லாத நேரத்தில் “பேட்டர் அவுட், பேட்டர் அவுட்” என்று மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்த வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆடும்போது அந்த ஒரு சத்தம் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

கேள்வி: அம்பயர் கையை மடக்கிக் காட்டினார், நாங்கள் அவுட் என்றே நினைத்தோம். அவர் சைகையை நம்பி நடந்தது எங்கள் தவறா?

பதில்: பெரியவர்களே மாட்டிக்கொண்ட இடம் இது. 2005, பேஸ்பாலில் அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப் தொடரின் இரண்டாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி, 1-1, இரண்டு அவுட். சிகாகோ ஒயிட் சாக்ஸின் ஏ.ஜே. பியர்சின்ஸ்கி தாழ்வான பந்தைச் சுழற்றித் தவறவிட்டார். ஏஞ்சல்ஸ் கேட்சர் ஜோஷ் பால், பிடித்துவிட்டோம் என்ற நினைப்பில் பந்தை பிட்சர் நிற்கும் மேட்டுப்பக்கம் உருட்டிவிட்டு நடந்தார். அம்பயர் டக் எட்டிங்ஸ் கையை நீட்டி, முஷ்டியும் மடக்கிக் காட்டியிருந்தார். பியர்சின்ஸ்கி ஓரடி தன் பெஞ்ச் பக்கம் வைத்தவர் சட்டென்று திரும்பி முதல் பேஸுக்கு ஓடினார். சேஃப்! அவருக்குப் பதில் ஓட வந்தவர் இரண்டாவது பேஸைத் திருட, ஜோ கிரீடி அடித்த அடியில் ஆட்டமே முடிந்தது, 2-1. பந்து தரையில் பட்டதா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள்.

என் கருத்து: அந்தச் சைகை குழப்பமானது, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் கேட்சர் ஒரு முறை பேட்டரைத் தொட்டிருந்தால் கதையே இல்லை. உங்கள் பிள்ளைக்கும் அதையே சொல்லுங்கள், சந்தேகம் வந்தால் தொடு. சாஃப்ட்பாலில் பேட்டர் டக்அவுட்டுக்குள் (அணி உட்காரும் இடத்துக்குள்) நுழையும்வரை மனம் மாறித் திரும்பி ஓடலாம், அதனால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகிறாளே என்று விட்டுவிடக் கூடாது.

கேள்வி: பந்து தரையில் குத்தியது, பேட்டர் மட்டையை அசைக்கவே இல்லை. அதை எப்படி ஸ்ட்ரைக் என்கிறார்?

பதில்: ஸ்ட்ரைக்கா இல்லையா என்பது பந்து பிளேட்டைக் கடக்கும் இடத்தில் முடிவாகிறது, கேட்சரிடம் போய்ச் சேரும் இடத்தில் இல்லை. கீழே இறங்கும் பந்து முழங்கால் உயரத்தில் பிளேட்டைக் கடந்து, கேட்சரின் கால் அருகே மண்ணைத் தொடுவது நடக்கிற காரியம்தான். பக்கவாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நமக்கு அது தெரியாது.

கேள்வி: பாதி சுழற்றி நிறுத்திய மட்டை. முதலில் ‘பால்’ (ஸ்ட்ரைக் ஆகாத பந்து) என்றார், அப்புறம் பேஸ் அம்பயரைக் கேட்டு ‘ஸ்ட்ரைக்’ என்று மாற்றினார். பந்து கீழே கிடக்கிறது, என் மகள் பேட்டருக்கான பெட்டிக் கோட்டுக்குள்ளேயே நிற்கிறாள், அவளைத் தொட்டு அவுட் ஆக்கிவிட்டார்கள்!

பதில்: பாவம்தான். மட்டை இந்த இடத்தைத் தாண்டினால் சுழற்றியதாகக் கணக்கு என்று கறாரான கோடு கிடையாது, அடிக்க முயன்றாளா என்பதை அம்பயர்தான் தீர்மானிக்கிறார். அனுபவமுள்ள அம்பயர் இப்படிப்பட்ட நேரத்தில் யாரும் கேட்பதற்காகக் காத்திருக்காமல் உடனே சக அம்பயரைப் பார்ப்பார். தாமதமாக மாற்றிய தீர்ப்பால் ஒரு அணிக்குப் பாதகம் வந்தால் அதைச் சரிசெய்யும் அதிகாரமும் பல விதிப்புத்தகங்களில் அவருக்கு உண்டு, உங்கள் கோச் அதைப் பணிவாகக் கேட்டிருக்கலாம். மகளுக்கு ஒரு பழக்கம் சொல்லுங்கள்: இரண்டு ஸ்ட்ரைக், பந்து தரையில், மட்டை கொஞ்சமாவது போயிருக்கிறது, ஓட உரிமையும் இருக்கிறது என்றால் முதலில் ஓடு. ‘பால்’ என்று முடிவானால் திரும்பி வந்து நின்றுகொள்ளலாம், நஷ்டம் ஒன்றுமில்லை.

கேள்வி: இரண்டு ஸ்ட்ரைக் ஆனபின் மட்டையில் லேசாக உரசிய பந்தைக் கேட்சர் தவறவிட்டால் ஓடலாமா?

பதில்: கூடாது. அது வெறும் ஃபௌல், திரும்ப பேட் செய்ய வேண்டியதுதான். நேராகக் கையுறைக்குப் போய்ப் பிடிபட்டால் மூன்றாவது ஸ்ட்ரைக், அவுட். சுழற்றும்போது பந்து உடம்பில் பட்டாலும் அது ஸ்ட்ரைக்தான், ஆட்டம் அங்கேயே நின்றுவிடும், மூன்றாவது என்றால் அவுட்.

கேள்வி: எதற்கெல்லாம் முறையாக ஆட்சேபணை தெரிவிக்கலாம்?

பதில்: பந்து தரையில் பட்டதா, மட்டை சுழன்றதா – இவை அம்பயரின் கண்ணுக்கு விட்ட விஷயம், இவற்றுக்கு ஆட்சேபணை கிடையாது. முதல் பேஸ் காலியாக இருந்தும் ஓடவிடாமல் அவுட் கொடுத்தால் அது விதியைத் தவறாகப் பயன்படுத்தியது, அதற்கு உண்டு. அடுத்த பிட்ச்சுக்கு முன்னால் கோச் சொல்லிவிட வேண்டும், வீட்டுக்குப் போய் யோசித்தால் நேரம் கடந்துவிடும். வேலிக்கு வெளியே நின்று பெற்றோர் கத்துவது எந்தக் கணக்கிலும் சேராது.

கேள்வி: என் 8 வயது மகள் ஓடினாள், திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஸ்லோ பிட்ச் (பந்தை மெதுவாக எறியும் சாஃப்ட்பால் வகை) ஆடும் என் அண்ணனும் தன் ஆட்டத்தில் அப்படி ஒரு விதியே இல்லை என்கிறான்.

பதில்: இரண்டு பேருக்கும் நடந்தது சரிதான். சின்னப் பிள்ளைகள் பிரிவில் பல லீக்குகள் இந்த விதியை எடுத்துவிடுகின்றன, இல்லாவிட்டால் பந்து பிடிக்கப் பழகாத கேட்சரை வைத்துக்கொண்டு இன்னிங்ஸ் முடியவே முடியாது. எந்த வயதில் அமலுக்கு வருகிறது என்பது லீக்குக்கு லீக் மாறும், முதல் ஆட்டத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லோ பிட்ச்சில் அறவே கிடையாது, மூன்றாவது ஸ்ட்ரைக் என்றால் அவுட், பந்து எங்கே உருண்டாலும்.