ஆர்டரின் பேரில் செய்து கொடுக்கும் பொருட்கள்: பணத் தகராறு வராமலிருக்க, வந்தால் சமாளிக்க – கேள்வி பதில்

கேள்வி: வணக்கம். மேசை, அலமாரி எல்லாம் அளவு வாங்கிச் செய்து தருகிறேன். ‘ஆர்டருக்குச் செய்தது, திருப்பி எடுக்கப்படாது’ என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறேன். இது போதும்தானே?

பதில்: போதாதுங்க. மனசு மாறி ‘வேண்டாம்’ என்பவரை மட்டும்தான் அந்த வரி தடுக்கும். ‘நான் கேட்டது இது இல்லை’ என்று சொல்பவரிடம் அது செல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை விதியே இதற்கு நல்ல உதாரணம். இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம் என்கிற உரிமையிலிருந்து, வாங்குபவரின் குறிப்புப்படி செய்த பொருளுக்கு விலக்கு உண்டு. ஆனால் பொருளில் குறை இருந்தால் கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. கார்டு நிறுவனங்களும் இப்படித்தான் பார்க்கின்றன. விசா கார்டில் ‘சொன்னபடி இல்லை அல்லது பழுதானது’ என்ற தகராறுக் காரணத்துக்குத் தனிக் குறியீடே உண்டு, 13.3. ஆர்டருக்குச் செய்த பொருள் என்பதால் அது உங்களை விட்டுவிடாது.

இன்னொன்று, பில் கைக்கு வருவது பணம் கட்டிய பிறகு. நிபந்தனையை அதற்கு முன்னாலேயே அவர் பார்த்திருக்க வேண்டும். இணையக் கடை என்றால் பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே, அவரே டிக் செய்யும் கட்டமாக வையுங்கள். டிக் செய்த தேதி, நேரம் சேமிக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். மெசேஜில் ஆர்டர் எடுப்பவர்கள் நிபந்தனையை அனுப்பி, ‘சம்மதம்’ என்று பதில் வந்த பிறகு பணம் கட்டும் இணைப்பை அனுப்பினால் போதும்.

கேள்வி: தோல் பை தைக்கிறேன். போனில் பேசித்தான் ஆர்டர் எடுப்பேன். எதையெல்லாம் எழுதி வாங்கணும்?

பதில்: தகராறில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் சம்மதத் தாள் என்கிற இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. போனில் பேசுங்கள், தவறில்லை. பேசி முடித்த அன்றே பேசியதை எழுதி அனுப்பி ‘சரி’ வாங்கிவிடுங்கள்.

‘நடுத்தர அளவு, பழுப்பு நிறம்’ என்று எழுதினால் அது தகராறுக்கு விதை. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் எண்ணில் எழுதுங்கள். கைவேலையில் எவ்வளவு கூடக்குறைய வரும் என்பதையும் சேருங்கள். ‘36 செ.மீ., 5 மி.மீ. கூடலாம் குறையலாம்’ என்று இருந்தால், பிறகு 36.3 வந்ததற்கு யாரும் சண்டைக்கு வர முடியாது. என்ன தோல், உள்துணி உண்டா, ஜிப் எந்தப் பக்கம் திறக்கும், வார் நீளம் கூட்டிக் குறைக்கலாமா என்பதெல்லாம் வேண்டும். பெயர் பொறிப்பதாக இருந்தால் எழுத்துக்களை நீங்கள் தட்டச்சு செய்யாதீர்கள். அவர் அனுப்பியதை அப்படியே நகலெடுத்து மாதிரிப் படத்தில் போட்டு, ‘ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன்’ என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பிழைத் தகராறு வந்தால் அந்த ஒரு வரி பதில் உங்களைக் காப்பாற்றும்.

எத்தனை முறை திருத்தம் இலவசம், அதற்கு மேல் என்ன கட்டணம் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். நடுவில் அவர் எதையாவது மாற்றச் சொன்னால், புது விலை, புது தேதியோடு திருத்திய தாளை அனுப்பி மறுபடி சம்மதம் வாங்குங்கள். பழைய தாளை அழிக்காதீர்கள், இரண்டும் வேண்டும்.

கேள்வி: அட்வான்ஸ் எத்தனை சதவீதம் வாங்கலாம்?

பதில்: சதவீதத்தை முதலில் யோசிக்காதீர்கள். அவர் இந்த நிமிடம் மறைந்துபோனால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று கணக்குப் போடுங்கள். மூலப்பொருள் செலவும், முதல் ஒப்புதல் வரைக்குமான கூலியும் சேர்ந்ததுதான் குறைந்தபட்ச அட்வான்ஸ். வேறு யாருக்கும் விற்க முடியாத பொருள், பெயர் பொறித்த மோதிரம் மாதிரி, என்றால் பொறிக்கும் முன் முழுப்பணமும் வந்திருக்க வேண்டும். மற்றவற்றுக்குப் பாதி முன்பணம், வேலை பாதியில் படம் காட்டி ஒப்புதல் வாங்கும்போது 30 சதவீதம், அனுப்பும் முன் மீதி 20 என்று பிரிப்பது நன்றாக வேலை செய்யும். பொருள் போய்ச் சேர்ந்த பிறகு மீதி என்று மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று: வங்கிக்கு ஒவ்வொரு தவணையும் தனிப் பரிவர்த்தனை. மூன்றில் ஒன்றை மட்டும்கூட அவர் மறுக்கலாம். அதனால் ஒவ்வொரு தவணைக்கும் தனி ரசீது போட்டு, ‘மரம் வாங்கவும் சட்டம் அறுக்கவும்’ என்பது போல எதற்கான பணம் என்று எழுதுங்கள். வெறும் ‘இரண்டாம் தவணை’ என்றால் வங்கிக்கு ஒன்றும் புரியாது.

கேள்வி: வேலை மூன்று வாரம் தள்ளிப்போகிறது. வாடிக்கையாளர் அமைதியாகத்தான் இருக்கிறார். சொல்லாமல் முடித்து அனுப்பிவிடலாமா?

பதில்: கூடாது. அவர் அமைதியாக இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சொன்ன தேதி தாண்டியதுமே ‘பொருள் வரவில்லை’ என்று சார்ஜ்பேக் போட, அதாவது கட்டிய பணத்தைத் தன் வங்கி வழியாகத் திரும்பக் கேட்க, அவருக்கு வழி திறக்கிறது. விசாவில் அதன் குறியீடு 13.1. பொதுவாகக் காலக்கெடு 120 நாள். அது பணம் கட்டிய நாளிலிருந்து ஓடுவதில்லை, பொருள் வருமென்று நீங்கள் சொன்ன நாளிலிருந்துதான் ஓடும். மொத்தத்தில் பரிவர்த்தனையிலிருந்து 540 நாள் வரைகூடப் போகலாம். ஆகவே பணம் வந்து நாலு மாதம் ஆயிற்று, இனிப் பயமில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

தேதி தாண்டும் முன்பே எழுதுங்கள்: காரணம், புது தேதி, வேண்டாமென்றால் என்ன செய்யலாம், மூன்றும் இருக்கட்டும். ‘காத்திருக்கிறேன்’ என்று பதில் வந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். முதலில் தேதி சொல்லும்போதே உங்கள் கணக்குக்கு மேல் கொஞ்சம் நாள் சேர்த்துச் சொல்வது நல்லது.

கேள்வி: கையால் சாயம் போடும் துணி. படத்தில் இருந்த நிறம் இல்லை என்கிறார்கள்.

பதில்: ஒவ்வொரு திரையும் ஒரு நிறம் காட்டும், ஒவ்வொரு சாயத் தொட்டியும் ஒரு நிறம் தரும். இதை விற்பனைப் பக்கத்திலும் சம்மதத் தாளிலும் எழுதுங்கள். பெரிய ஆர்டர் என்றால் உள்ளங்கை அளவு துண்டை அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். அதே தொட்டியில் நனைத்த இன்னொரு துண்டைத் தேதி எழுதி நீங்களும் வைத்திருங்கள்.

கேள்வி: சார்ஜ்பேக் வந்தே விட்டது. பணத்தையும் எடுத்துக்கொண்டார்கள். இப்போது என்ன அனுப்ப வேண்டும்?

பதில்: முதலில் கெடு தேதியைப் பாருங்கள். பணம் வசூலித்துத் தரும் நிறுவனத்தைப் பொறுத்து 7 முதல் 21 நாள்தான் கிடைக்கும். தாண்டினால் தோல்விதான், ஆதாரம் எவ்வளவு இருந்தாலும் சரி.

அடுத்து, எந்தக் காரணம் என்று பாருங்கள். அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பலர் தோற்பது இங்கேதான். ‘சொன்னபடி இல்லை’ என்ற புகாருக்கு டிராக்கிங் எண்ணை அனுப்புகிறார்கள். பொருள் போய்ச் சேரவில்லை என்று அவர் சொல்லவே இல்லையே! அங்கே தேவை சம்மதத் தாள், மாதிரிப் பட ஒப்புதல், அளவுநாடா வைத்து எடுத்த படம். ‘வரவில்லை’ என்றால் டிராக்கிங், சேர்த்த தேதி, முகவரி, கையெழுத்து. கூரியர் ரசீதில் எடை இருந்தால் ‘காலிப் பெட்டி வந்தது’ என்ற புகாருக்கும் அது உதவும்.

எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்குங்கள். முதல் பக்கத்தில் தேதிவாரியாக ஏழெட்டு வரி: ஆர்டர், சம்மதம், பணம், மாதிரி ஒப்புதல், அனுப்பியது, சேர்ந்தது, முதல் புகார். பின்னால் அதே வரிசையில் ஆதாரங்கள். இணைப்பு முகவரி கொடுத்து ‘இங்கே பாருங்கள்’ என்றால் வங்கியில் யாரும் திறக்க மாட்டார்கள். படமாகவே சேர்க்க வேண்டும். உங்கள் வருத்தத்தையும் அவர் குணத்தையும் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

‘சொன்னபடி இல்லை’ என்கிற 13.3 வகையில் இன்னொரு பிடி உண்டு. வாங்கியவர் முதலில் உங்களிடம் தீர்க்க முயன்றிருக்க வேண்டும், பொருளைத் திருப்பி அனுப்பியோ அனுப்ப முயன்றோ இருக்க வேண்டும். அதனால் புகார் வந்ததும் படம் கேளுங்கள், திருப்பி அனுப்பும் முகவரி கொடுங்கள், சரிசெய்து தருவதாக எழுதுங்கள். அதற்கு அவர் பதிலே சொல்லாமல் வங்கிக்குப் போயிருந்தால் அந்த மெசேஜ்தான் உங்கள் முதல் ஆதாரம்.

கேள்வி: பணத்தை நானே திருப்பிக் கொடுத்து முடித்துவிடலாமா?

பதில்: சார்ஜ்பேக் வந்த பிறகு தனியாக அனுப்பாதீர்கள். இரண்டு முறை போய்விடும். தோல்வியை ஏற்றுக்கொள்ளும் பொத்தான் உங்கள் கணக்கிலேயே இருக்கும், அதை அழுத்தினால் போதும். சார்ஜ்பேக் வராத நிலையில் திருப்புவதாக இருந்தால், பணம் எந்தக் கார்டிலிருந்து வந்ததோ அதற்கே திருப்புங்கள்.

கேள்வி: ‘இந்தக் கட்டணம் நான் செய்யவில்லை’ என்கிறார். பொருளோ அவர் வீட்டில் இருக்கிறது!

பதில்: கார்டு கணக்குத் தாளில் உங்கள் கடைப்பெயர் எப்படி வருகிறது என்று பாருங்கள். வேறு ஏதோ பெயர் வந்தால், அடையாளம் தெரியாமலேயே மறுப்பவர்கள் உண்டு. ஓடிபி போன்ற 3டி செக்யூர் சரிபார்ப்பில் (கட்டுபவர் கார்டுக்காரர்தானா என்று வங்கி உறுதிசெய்வது) தேறிய கட்டணமாக இருந்தால், பெரும்பாலும் மோசடிப் பொறுப்பு கார்டு கொடுத்த வங்கிக்குப் போய்விடும். ஆனால் தரத்தைப் பற்றிய தகராறுக்கு இது உதவாது. பழைய வாடிக்கையாளர் என்றால், 2023 ஏப்ரல் முதல் விசாவில் ஒரு வழி இருக்கிறது. இந்தத் தகராறுக்குக் குறைந்தது 120 நாளுக்கு முன் செய்த, அவர் மறுக்காத இரண்டு பழைய கொள்முதல்களில் அதே ஐபி முகவரியோ (இணைய இணைப்பின் எண்) அதே கருவியோ இருந்து, இன்னொரு விவரமும் பொருந்தினால் அவற்றை ஆதாரமாகக் காட்டலாம். அதனால் பழைய ஆர்டர் விவரங்களை ஓராண்டாவது அழிக்காதீர்கள்.

கேள்வி: ஒருவர் கூடுதலாகப் பணம் அனுப்பி, மீதியை அவருடைய கூரியர் ஆளுக்கு அனுப்பச் சொல்கிறார்.

பதில்: மோசடி. ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள். முழுத்தொகையையும் வந்த வழியிலேயே திருப்பிவிட்டு ஆர்டரை ரத்து செய்யுங்கள். காசோலையாக வந்திருந்தால் கணக்கில் வரவு காட்டிய பிறகும் அது திரும்பலாம். அதனால் திருப்புவதற்கு முன் பணம் உறுதியாகிவிட்டதா என்று வங்கியிடம் கேளுங்கள்.

கேள்வி: கட்டணம் மிச்சம் என்று பேபால் என்கிற இணையப் பணச் சேவையில் நண்பர்-உறவினர் வழியில் அனுப்பட்டுமா என்கிறார்.

பதில்: வேண்டாம். அந்த வழியில் விற்பவருக்கான பாதுகாப்பு கிடையாது. முறையான வழியில் வாங்கினாலும், பொருளைப் பரிவர்த்தனைப் பக்கத்தில் உள்ள முகவரிக்கே அனுப்ப வேண்டும். பணம் கட்டிய பிறகு ‘அண்ணன் வீட்டுக்கு அனுப்புங்க’ என்றால், ரத்து செய்து புது முகவரியோடு மறுபடி கட்டச் சொல்லுங்கள். பேபாலில் தகராறு எழுப்ப வாங்கியவருக்குப் பணம் கட்டியதிலிருந்து 180 நாள் உண்டு. அதுவரை மெசேஜ், படம், ரசீது எதையும் போனிலிருந்து நீக்காதீர்கள். போன் மாற்றினால் முதலில் அவற்றை வேறோர் இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள்.