எஃப்ஐடிசி ஆன்டிபாடியில் ஏறவில்லையா? பஃபரைப் பாருங்கள்
டிரிஸ் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) இருந்த ஆன்டிபாடியிலேயே (நோயெதிர்ப்புப் புரதம்) எஃப்ஐடிசி என்ற பச்சை ஒளிர் சாயத்தைச் சேர்த்தேன், வடித்தெடுத்த புரதத்தில் பச்சை ஒளியே இல்லை என்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். சாயம் ஒட்டுவது ஆன்டிபாடியில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் அமீன் தொகுதியில். டிரிஸிலும் அமீன் உண்டு. லைசினுக்குப் போகவேண்டிய சாயத்தை அது தின்றுவிடும். கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு இருந்தாலும் இதே கதைதான்.

முதலில் 0.1 மோலார் கார்பனேட் பஃபருக்கு, பிஎச் 9, டயாலிசிஸ் செய்து (சவ்வுப் பையில் இட்டு) ஆன்டிபாடியை மாற்றுங்கள். புரதம் மில்லிக்கு 2 மில்லிகிராம் இருக்கட்டும். சாயத்தை ஈரமில்லாத டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் மில்லிக்கு 1 மில்லிகிராமாக அன்றன்றைக்குக் கரைத்து, 1 மில்லி புரதத்துக்கு 50 மைக்ரோலிட்டர், ஐந்தைந்தாக, மெல்லக் கலக்கியபடி விடுங்கள். ஃபாயில் சுற்றி 4 டிகிரியில் 8 மணி நேரம்.

பிறகு, ஒட்டாத சாயத்தைப் பிரிக்க, செஃபடெக்ஸ் ஜி-25 ஜெல் நிரப்பிய குழாய் வழியே இறக்குங்கள். முதலில் இறங்கும் மஞ்சள் பட்டைதான் வேண்டியது. பின்னால் வருவது வெறும் சாயம். பளிச்சென்று வரட்டும் என்று அளவைக் கூட்டிவிடாதீர்கள்: ஓர் ஆன்டிபாடிக்கு 3 முதல் 6 சாய மூலக்கூறுகள் போதும், மிஞ்சினால் ஒளி மங்கும், பின்னணிக் கறையும் ஏறும்.