யூராலஜி வார்டில் முதல் வேலை: ஒரு தந்தையின் தயக்கத்துக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

பி.எஸ்சி. நர்சிங் முடித்துக் கவுன்சில் பதிவும் பெற்றுவிட்ட தங்கள் மகளுக்குத் தனியார் மருத்துவமனையொன்றின் யூராலஜி (சிறுநீர்ப்பாதை நோய்) வார்டில் வேலை கிடைத்திருக்க, தாங்களோ அவரை எப்படியாவது ஐசியூவில் சேர்த்துவிட வேண்டும் என்று எண்ணுகிறீர்கள். இந்தத் துறையில் மேற்படிப்புக்கு வழியில்லை என்பது தங்கள் முதல் தயக்கம். ஆண் நோயாளிகளைக் கவனிக்கும் வேலை திருமணமாகாத பெண்ணுக்கு ஏற்றதா என்பது அடுத்தது. உறவினர்கள் தங்களைத் துளைத்தெடுப்பது இரண்டாவதைக் கேட்டுத்தான் என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

தாங்கள் விரும்பும் ஐசியூவில் படுத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கும் சிறுநீரை வெளியேற்றும் குழாயான கத்தீட்டர் போடப்பட்டிருக்கும். அதைச் சுத்தமாக வைத்திருப்பதும் சிறுநீர் சேரும் பையான யூரோபேக்கில் சேர்ந்த அளவை மணிக்கொரு முறை குறிப்பதும் அங்கேயும் செவிலியரின் வேலைதான். நம் ஊர் மருத்துவமனைகள் பலவற்றில் ஆண்களுக்குக் கத்தீட்டர் நுழைப்பதை ஆண் செவிலியரோ டூட்டி டாக்டரோ பார்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் அந்தத் திறனைத் தங்கள் மகள் கற்றுக்கொள்வதே நல்லது, ஏனெனில் நாளை வெளிநாட்டுக்குப் போனால் பல நாடுகளில் நோயாளி ஆணா பெண்ணா என்று பார்த்து வேலையைப் பிரித்துத் தரமாட்டார்கள்.

வேலையின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புராஸ்டேட் அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வரும் பெரியவருக்கு மூன்று வழிக் கத்தீட்டர் மூலம் சலைன் தொடர்ந்து உள்ளே போய், இரத்தம் கலந்த நீர் வெளியே வந்துகொண்டிருக்கும். உள்ளே போகும் சலைன் குறையாமல், பையில் மட்டும் நீர் சேராமல், பெரியவர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினால், இரத்தக்கட்டி குழாயை அடைத்திருக்கிறது என்று செவிலியர் உடனே புரிந்துகொண்டு, சலைனை நிறுத்தி, டாக்டருக்குச் சொல்லி, பெரிய சிரிஞ்சால் கட்டியை வெளியேற்றும் வேலையில் இறங்க வேண்டும். பையில் சேர்ந்த மொத்த அளவிலிருந்து உள்ளே விட்ட சலைனைக் கழித்தால்தான் உண்மையான சிறுநீர் எவ்வளவு என்பது தெரியும். அந்தக் கணக்கு தப்பினால் சிறுநீரகம் சோர்ந்துபோவதை யாரும் கவனிக்காமல் விட்டுவிடக்கூடும். இதையெல்லாம் நைட் டூட்டியில் தனியாகப் பார்க்கும் ஒருவரை யாரும் இரண்டாந்தரமாக மதிப்பதில்லை.

துறையும் மாறிக்கொண்டிருக்கிறது. லேசர் சிகிச்சையும் ரோபோட்டிக் அறுவை சிகிச்சையும் வந்தபின் பல நோயாளிகள் முன்பைவிட விரைவில் வீடு திரும்புகிறார்கள் என்பதால், கத்தீட்டருடன் போகிறவருக்கும் அவரது மனைவிக்கும் பையை இடுப்புக்குக் கீழே தொங்கவிடவும் கை கழுவிவிட்டுத் தொடவும் சொல்லித்தரும் பொறுப்பு செவிலியரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. கல் அகற்றியபின் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் பாதையில் வைக்கும் மெல்லிய குழாயான டி.ஜே. ஸ்டென்ட்டைக் குறித்த காலத்தில் எடுக்க வராமல் மறந்துவிடுகிறவர்கள் நம்மிடையே குறைவில்லை. அந்தக் குழாயின் மேலேயே மீண்டும் கல் படியும். பதிவேடு வைத்து, தொலைபேசியில் கூப்பிட்டு நினைவூட்டும் செவிலியர் இருக்கும் வார்டில் இந்தத் துன்பம் குறைகிறது. கத்தீட்டர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது என்பதால், தேவை முடிந்ததும் எடுத்துவிடுங்கள் என்று டாக்டருக்கு நினைவூட்டுவதும் இன்று செவிலியரின் கடமையாகிவிட்டது.

மேற்படிப்புக்கு வழியில்லை என்பது சரியன்று. இந்திய நர்சிங் கவுன்சிலின் எம்.எஸ்சி. பாடத்திட்டத்தில், மெடிக்கல் சர்ஜிக்கல் பிரிவின் கீழ், நெஃப்ரோ-யூராலஜி (சிறுநீரகம், சிறுநீர்ப்பாதை) நர்சிங் தனிச் சிறப்புப் பாடமாகவே இருக்கிறது. 2 ஆண்டுப் படிப்பான அதற்கு பி.எஸ்சி.யில் 55 சதவீத மதிப்பெண்ணும் ஓராண்டுப் பணி அனுபவமும் கேட்கிறார்கள். அந்த ஓராண்டை இதே வார்டில் கழிப்பதைவிடப் பொருத்தமான தயாரிப்பு வேறில்லை. எல்லாக் கல்லூரியிலும் இந்தச் சிறப்புப் பாடம் கிடைக்காது என்பதால் விண்ணப்பிக்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சிறுநீர்ப்பை அகற்றப்பட்டு வயிற்றில் துவாரம் வைக்கப்பட்டவர்களைப் பராமரிக்கும் ஸ்டோமா நர்சிங் இன்னொரு கிளை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் அதற்குப் பயிற்சி உண்டு. அமெரிக்காவில் யூராலஜி செவிலியருக்கென்றே தனிச் சான்றிதழ்த் தேர்வு இருக்கிறது. ஆனால் அந்நாட்டுப் பதிவு பெற்றபின்தான் அதை எழுத முடியும். பிரிட்டனில் பயிற்சி பெற்ற செவிலியர்கள், சிறுநீர்ப்பைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பியே செய்கிறார்கள். யூராலஜி செவிலியர்களின் ஐரோப்பியச் சங்கமான ஈ.ஏ.யு.என். கத்தீட்டர் பராமரிப்பு குறித்து வெளியிடும் வழிகாட்டி நூல்களை இப்போதிருந்தே படித்துவரச் சொல்லுங்கள்.

இதற்கிடையே, சில மாதங்களில் ‘யூராலஜி நர்சிங் டிப்ளமோ’ தருவதாக வரும் விளம்பரங்களுக்குக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டிவிட வேண்டாம். டயாலிசிஸ் டெக்னீஷியன் படிப்பு முற்றிலும் வேறு, பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

சேர்வதற்கு முன் மருத்துவமனையில் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். இரவில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள், முதல் மாதம் சீனியர் ஒருவருடன் போடுவார்களா, யூராலஜி ஆபரேஷன் தியேட்டரிலும் சுழற்சியில் பணி தருவார்களா என்பவை முக்கியம். குறிப்பிட்ட காலம் வேலையை விடமாட்டேன் என்ற பாண்ட் கேட்டால் காலத்தையும் தொகையையும் எழுத்தில் வாங்குங்கள். அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால் அந்த வேலையை விட்டுவிடுங்கள், அது ஐசியூவாகவே இருந்தாலும்.