தோட்டத்து மோட்டாருக்கு ரிமோட் ரிலே: மோட்டாரை அதில் மாட்டாதீர்கள், ஸ்டார்ட்டர் பட்டனை மட்டும் கொடுங்கள்

பொள்ளாச்சி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தென்னந்தோப்பு, போரில் 5 எச்பி மூன்று பேஸ் சப்மெர்சிபிள் மோட்டார், வீட்டிலிருந்து மோட்டார் ரூம் 250 மீட்டர். மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும்போது அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்தான் மோட்டாரைப் போடுகிறார், போன மாதம் வழியில் கிடந்த பாம்பைக் கொஞ்சத்தில் மிதித்திருப்பார். அதனால் ஆன்லைனில் 433 மெகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் ரிலே (கரண்டால் இயங்குகிற சின்னச் சுவிட்ச்) போர்டு ஒன்றை, 12 வோல்ட், இரண்டு சேனல், அதாவது இரண்டு ரிலே, ரிமோட்டோடு வாங்கிவிட்டார். "ரிலே மேலே 10 ஆம்ப் 250 வோல்ட் என்று போட்டிருக்கிறது, மோட்டார் 8 ஆம்ப்தான் எடுக்கிறது, மோட்டார் வயரை நேராக இதில் கொடுக்கலாமா?" என்பது கேள்வி.

கூடாது. ஆனால் வாங்கியது வீண் இல்லை, அதே போர்டை வைத்தே வேலையை முடிக்கலாம்.

முதலில் அந்த 10 ஆம்ப் கணக்கு. அது ஹீட்டர், குண்டு பல்பு மாதிரி சாதாரண லோடுக்குச் சொன்னது. மோட்டார் அப்படி இல்லை, ஓடும்போது 8 ஆம்ப் எடுக்கிற மோட்டார் கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு, அதாவது 40, 50 ஆம்ப் வரைக்கும் இழுக்கும். ரிலேக்குள் தொட்டுப் பிரிகிற சின்ன உலோகப் புள்ளிகள், அதாவது கான்டாக்ட், அந்தச் சூட்டில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வெல்டிங் வைத்த மாதிரி. ஒட்டிவிட்டால் ரிமோட்டில் எத்தனை முறை ஆஃப் அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. வீட்டு மாடித் தொட்டிக்கு ஓடுகிற 1 எச்பி மோட்டாரிலேயே இப்படி ஒட்டிப்போன ரிலேக்களைக் கழற்றியிருக்கிறேன், ராத்திரி முழுக்கத் தொட்டி வழிந்து சுவரெல்லாம் ஊறிய பிறகுதான் வீட்டுக்காரருக்கே தெரிந்தது. அது போக, மூன்று பேஸ் மோட்டாரில் மூன்று வயரையும் ஒரே நேரத்தில் சேர்த்துப் பிரிக்க வேண்டும், இந்த ரிலே ஒன்றுக்கு இருப்பது ஒரே ஒரு கான்டாக்ட்.

அந்தக் கனமான வேலைக்காகவே உங்கள் மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் இருக்கிறது. பச்சைப் பட்டனை அழுத்தினால் உள்ளே காயிலுக்கு (காந்தமாகிற கம்பிச் சுருள்) கரண்ட் போய், காண்டாக்டர் என்கிற பெரிய சுவிட்சை இழுத்து, மூன்று பேஸையும் மோட்டாருக்குக் கொடுக்கிறது. விரலை எடுத்தாலும் காண்டாக்டரோடு சேர்ந்த ஒரு சின்னக் கான்டாக்ட் காயிலைப் பிடித்து வைத்திருக்கும். சிவப்பை அழுத்தினால் காயிலின் வழி அறுந்து எல்லாம் விழுந்துவிடும். அப்பாவின் விரல் செய்கிற வேலை இவ்வளவுதான், உங்கள் ரிலேக்கும் இதை மட்டும் கொடுங்கள். (பழைய ஹேண்டில் ஸ்டார்ட்டர், கையால் தூக்கிப் போடுகிற வகை என்றால் இது நடக்காது, ஸ்டார்ட்டரையே மாற்ற வேண்டும்.)

வயரிங் இப்படி. முதல் ரிலேயின் காமன் (பொது முனை), என்ஓ (சும்மா இருக்கும்போது திறந்திருக்கும் முனை) இரண்டையும் பச்சைப் பட்டனுக்கு இணையாகக் கொடுங்கள், பட்டனின் இரண்டு முனைகளிலும் இரண்டு வயர். இரண்டாவது ரிலேயின் காமன், என்சி (சும்மா இருக்கும்போது மூடியிருக்கும் முனை) இரண்டையும் சிவப்புப் பட்டனோடு தொடராக, சிவப்பிலிருந்து கிளம்புகிற வயரை வெட்டி நடுவில் சேருங்கள். ரிமோட்டில் முதல் பட்டன் பச்சை மாதிரி, இரண்டாவது சிவப்பு மாதிரி. போர்டுக்குக் கரண்ட் இல்லாவிட்டாலும் என்சி மூடியே இருப்பதால் கையால் போடுவதும் நிறுத்துவதும் பழையபடியே நடக்கும், அப்பாவுக்கு எதுவும் மாறாது.

இங்கே பலர் தவறவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நம் ஊர் விவசாய ஸ்டார்ட்டர்களில் பெரும்பாலும் காயில் 415 வோல்ட், அதாவது இரண்டு பேஸுக்கு நடுவே மாட்டியது. உங்கள் ரிலே 250 வோல்ட்டுக்கானது. கரண்ட் குறைவுதானே என்று மாட்டினால் சில நாள் ஓடும், ஆனால் ரிலே திறக்கும்போது அந்தச் சின்ன இடைவெளியில் 415 வோல்ட் நிற்கும், காயில் விடும்போது எழுகிற வோல்டேஜ் உதையும் சேர்ந்து பொறி தாவும், மழைக்காலத்து ஈரத்தில் போர்டே கருகும். அதனால் காயில் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் ஒரு வயர் கூடக் கொடுக்காதீர்கள். 415 என்றால் அதே ஸ்டார்ட்டருக்கான 230 அல்லது 240 வோல்ட் காயில் தனியாகக் கிடைக்கும், அதை வாங்கி மாற்றிவிடலாம். அந்தக் காயிலை பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மாட்டச் சொல்லி சிலர் சொல்வார்கள், தோட்டத்து லைனில் நியூட்ரல் எங்கேயாவது லூசாக இருந்தால் காயிலுக்கு வரும் வோல்டேஜ் ஏறி இறங்கும், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 415-க்கு 230 தருகிற 100 விஏ கண்ட்ரோல் டிரான்ஸ்பார்மர் ஒன்றை ஸ்டார்ட்டர் பக்கத்தில் வைத்து, காயில், பட்டன்கள், ரிலே எல்லாவற்றையும் அதன் 230-க்குக் கொண்டுவந்துவிடுங்கள். போர்டுக்கான 12 வோல்ட் அடாப்டரும் அதிலேயே ஓடும். டிரான்ஸ்பார்மருக்குப் போகும் இரண்டு வயரிலும், 230 வெளியே வருகிற பக்கத்திலும் சின்ன ப்யூஸ் வையுங்கள். காயிலின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே ஸ்நப்பர் ஒன்று, 0.1 மைக்ரோபேரட் எக்ஸ்2 கப்பாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் தொடராகச் சேர்ந்தது, மாட்டினால் பொறியும் குறையும், அந்தப் பொறியால் போர்டு தானாகக் குழம்புவதும் குறையும்.

அப்புறம் மோடு. இந்த போர்டுகளில் பொதுவாக மூன்று வகை இருக்கும், ரிமோட் பட்டனை அழுத்தியிருக்கும் வரை மட்டும் இழுப்பது, ஒரு அழுத்தில் இழுத்து மறு அழுத்தில் விடுவது, ஒரு பட்டனில் இழுத்து வேறு பட்டனில் விடுவது. எப்படி மாற்றுவது என்பது போர்டுக்கு போர்டு வேறுபடும், கூட வந்த தாளில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது முதல் வகை மட்டுமே. ரிலே இழுத்தபடியே நிற்கிற வகையைப் பச்சைப் பட்டனுக்கு இணையாக மாட்டினால் யாரோ பச்சையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பதற்குச் சமம். மோட்டார் ரூமில் ஒருவர் சிவப்பை அழுத்தினால் நிற்கும், விரலை எடுத்ததும் திரும்ப ஓடும். கரண்ட் போய் வந்தால் யாரும் தொடாமலே மோட்டார் கிளம்பும், ஓவர்லோடு ரிலே (மோட்டார் அதிக ஆம்ப் இழுத்தால் நிறுத்துவது) தானாக ரீசெட் ஆகும்படி வைத்திருந்தால் ட்ரிப் ஆன மோட்டார் ஆறியதும் மறுபடி கிளம்பி மறுபடி சுடும். கரண்ட் போனால் விழுந்துவிட வேண்டும் என்பதற்காக ஸ்டார்ட்டரில் வைத்த பாதுகாப்பை ஒரு தவறான மோடில் இழந்துவிடுவீர்கள்.

இனி தூரம். விளம்பரத்தில் 500 மீட்டர், 1000 மீட்டர் என்று போடுவது எதிரே எதுவும் இல்லாத வெட்டவெளிக்கு. உங்களுக்கு நடுவில் தென்னை, இலையிலும் மட்டையிலும் நீர், மழை பெய்து நனைந்திருந்தால் சிக்னல் இன்னும் குறையும். போர்டை இரும்பு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வைத்து மூடினால் 20 மீட்டர் கூட எட்டாமல் போகலாம். வெளியே தனி பிளாஸ்டிக் பெட்டியில், முடிந்தவரை உயரத்தில் வையுங்கள். ஆன்டெனாவாகச் சுருள் கம்பி வந்திருந்தால் அதை எடுத்துவிட்டு 17.3 சென்டிமீட்டர் நீள ஒற்றை வயரை நேராக நிற்க வைத்து பற்றவைத்துப் பாருங்கள், 433 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளத்தில் கால் பங்கு அது, பல நேரம் இந்த ஒரு மாற்றமே நல்ல வித்தியாசம் காட்டும்.

ஸ்டார்ட்டரைத் தொடுவதற்கு முன்பே இதைச் சோதித்துவிடலாம். போர்டை 12 வோல்ட் பேட்டரியில் போட்டு, ரிலேயில் சின்ன 12 வோல்ட் பல்பைக் கட்டி மோட்டார் ரூமில் ஒருவரை உட்கார வையுங்கள், வீட்டுத் திண்ணையிலிருந்து ஐம்பது முறை அழுத்துங்கள். பகலில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, மழை விட்டதும் ஒரு தடவை. ஐம்பதுக்கு ஐம்பதும் எரிய வேண்டும். நாற்பத்தெட்டு என்றால் எனக்குப் போதாது, ஏனென்றால் அந்தத் தவறுகிற இரண்டில் ஒன்று நிறுத்துகிற அழுத்தாக இருக்கலாம். கையடக்க ரிமோட்டில் 250 மீட்டர் தோப்பைத் தாண்டி இது தேறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, தேறினால் நல்லது.

தேறாவிட்டால் மோட்டார் ரூமில் மொபைல் சிக்னல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சிம் போடுகிற கண்ட்ரோலர்தான் உங்களுக்குப் பொருத்தம், போன் பண்ணியே போடலாம், நிறுத்தலாம், மும்முனை வந்ததும் அதுவே அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்கிற வகையும் இருக்கிறது. 4ஜி வகையாகக் கேட்டு வாங்குங்கள், 2ஜி மட்டும் தெரிந்த பெட்டியில் ஜியோ சிம் வேலை செய்யாது. பதிவு செய்த எண்களுக்கு மட்டுமே பணிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். சிக்னலே இல்லாத இடம் என்றால் லோரா என்கிற நீண்ட தூர ரேடியோ வகை, நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது, மரங்களைத் தாண்டி உங்கள் 433 ரிமோட்டைவிட நன்றாக எட்டும். எதை வாங்கினாலும் ஸ்டார்ட்டர் பக்கத்து வயரிங் மேலே சொன்னதேதான், ரிலேயை அழைப்பவர் மட்டும் மாறுகிறார்.

பக்கத்துத் தோட்டக்காரரும் இதே ரிமோட் வாங்கினால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். மலிவான ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டைத்தான் (கோடு) அனுப்பும். இவி1527 சிப் உள்ளவற்றில் பத்து லட்சத்துக்கும் மேல் வெவ்வேறு கோடுகள் உண்டு, தற்செயலாக மோதுவது அரிது, ஆனால் காப்பி ரிமோட் வைத்து யாரும் நகல் எடுத்துவிடலாம். பிடி2262 சிப் உள்ள ரிமோட்டுகளில் பொதுவாக 6561 முகவரிகள்தான், அதிலும் சிப்பின் முகவரிக் கால்களை எதோடும் இணைக்காமல் எல்லாம் ஒரே மாதிரியாக வந்திருந்தால் இரண்டு தோட்டத்துக்கும் ஒரே கோடு. அழுத்தும்போதெல்லாம் மாறுகிற ரோலிங் கோடு வகை கிடைத்தால், விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், மோட்டாருக்கு அதுவே சரி.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அப்பா நேரில் போகும்போது பட்டனை மட்டும் அழுத்துவதில்லை. மூன்று பேஸ் லைட்டும் எரிகிறதா என்று பார்க்கிறார், வோல்ட்மீட்டரைப் பார்க்கிறார், போட்டதும் ஆம்ப் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார், தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்கிறார். ரிமோட் வந்தால் அந்தக் கண்ணும் காதும் அங்கே இருக்காது. இரண்டு பேஸ் மட்டும் இருக்கிற நேரத்தில் காயில் இழுத்துவிட்டால் சில நிமிடத்தில் மோட்டார் எரியும், போரிலிருந்து தூக்கி ரீவைண்டிங் செய்து இறக்குகிற செலவு உங்களுக்கே தெரியும். அதனால் ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துகிற சிங்கிள் பேசிங் பிரிவென்ட்டரும், தண்ணீர் இல்லாமல் ஓடினால் கரண்ட் குறைவதைக் கண்டு நிறுத்துகிற டிரை ரன் பாதுகாப்பும் ஸ்டார்ட்டரில் இல்லையென்றால் ரிமோட்டுக்கு முன்பு அவற்றை மாட்டுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ரிமோட்டைத் தள்ளிப்போடுங்கள். அதோடு, காண்டாக்டரின் கூடுதல் கான்டாக்ட் ஒன்றில் எல்இடி பல்பைக் கொடுத்து மோட்டார் ரூமுக்கு மேலே, மட்டைகள் மறைக்காத உயரத்தில் ஒரு கம்பத்தில் கட்டுங்கள். வீட்டு மாடியிலிருந்து பல்பு தெரிந்தால் காண்டாக்டர் இழுத்திருக்கிறது என்று அர்த்தம், ஆஃப் அழுத்திய பிறகும் எரிந்தால் நேரில் போக வேண்டும்.

கடைசியாக ஆள் பாதுகாப்பு. முதல் ரிலேயின் வழியில் 'கை / ரிமோட்' என்று ஒரு செலக்டர் சுவிட்ச் வைத்து, மோட்டார் ரூமுக்குள் யார் போனாலும் முதலில் அதைக் 'கை' பக்கம் திருப்பச் சொல்லுங்கள். ஆனால் வயரில் கை வைப்பதென்றால், போர் மோட்டாரை ஏற்றுவதென்றால், அந்தச் சுவிட்சை நம்பாதீர்கள், மெயினை இறக்கி மூன்று ப்யூஸ் கட்டையையும் பிடுங்கி வேலை செய்பவர் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஆள் இருப்பது வீட்டில் ரிமோட்டை எடுத்து விளையாடுகிற குழந்தைக்குத் தெரியாது. இந்த மாற்றத்தையும் லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்தே செய்யுங்கள், நான் குறித்துத் தருகிற படத்தை நீங்கள் அவருக்குக் காட்டினால் அரை நாள் வேலை.

மெயினை இறக்கிவிட்டு ஸ்டார்ட்டர் மூடியைத் திறந்து இரண்டு படம் எடுத்து அனுப்புங்கள், ஒன்றில் காயில் மேல் எழுதியிருக்கும் வோல்டேஜ் தெரிய வேண்டும், மற்றதில் பட்டன்களுக்கு வருகிற வயர்கள். எந்த வயரை எங்கே வெட்ட வேண்டும் என்று அதிலேயே குறித்துத் தருகிறேன்.