நகையை அடகு வைத்துத்தான் கிரிக்கெட் கற்க வேண்டுமா?

ஒன்பதாம் வகுப்புப் பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, சென்னையில் விடுதியோடு இருக்கும் ஒரு கிரிக்கெட் அகாடமியில் சேர்க்கலாமா என்று தருமபுரியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். கட்டணத்துக்கு நகையை அடகு வைக்க வேண்டுமாம். யோசனை தாய்மாமனுடையது. "வைபவ் சூர்யவன்ஷி 13 வயதில் 1.10 கோடிக்குப் போகவில்லையா?" என்கிறாராம்.

உங்கள் கவலை புரிகிறது அம்மா. ஆனால் பொறுத்துப் பார்க்கலாம் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. சேர்க்காதீர்கள்.

உங்கள் அண்ணன் சொல்லும் அதே ஐபிஎல் ஏலத்தை எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பரில் சவூதி அரேபியாவின் ஜெட்டாவில் நடந்தது. பெயர் பதிந்தவர்கள் 1,574 பேர். விலைபோனவர்கள் 182 பேர், அதிலும் 62 பேர் வெளிநாட்டுக்காரர்கள். விலைபோகாமல் வீட்டுக்குப் போனவர்களைப் பற்றி எந்த டீக்கடையிலும் பேச்சு வராது. உங்கள் மகனோ மாவட்ட 14 வயதுக்குட்பட்டோர் அணிக்கே இன்னும் தேர்வாகவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

விளையாட்டு ஒதுக்கீடு, உடற்கல்வி ஆசிரியர் படிப்பு பற்றியெல்லாம் ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள், அதை விடுகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் குறையாகச் சொன்ன ஒரு வரிதான் என்னை நிறுத்தியது: "மேட்ச் பார்க்கும்போது ஒவ்வொரு பந்தையும் நோட்டில் எழுதுகிறான், எல்பிடபிள்யூ தப்பென்று டிவியோடு சண்டை போடுகிறான்."

இந்தப் பையனுக்கு அம்பயர் வேலையைப் பற்றி யாராவது சொன்னார்களா?

பந்து காலில் பட்டு எல்பிடபிள்யூ அவுட் கேட்டால், அம்பயர் ஒரு நொடியில் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியவை: நோபாலா, லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியதா, முதலில் மட்டையில் பட்டதா, கால் எந்தக் கோட்டில் இருந்தது, ஷாட் ஆட முயன்றாரா, ஸ்டம்பில் பட்டிருக்குமா. அப்புறம் ஸ்கோர் எழுதும் ஸ்கோரருக்குக் காட்டும் ஒவ்வொரு சைகையையும் அவர் ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். விதிகள் மொத்தம் 42. மாநிலச் சங்கத்தின் தேர்வில் தேறி, லீக் ஆட்டங்களில் வருடக்கணக்கில் நின்று, பிறகு இந்தியக் கிரிக்கெட் வாரியமான பிசிசிஐயின் தேர்வு எழுத வேண்டும். 2022இல் அகமதாபாத்தில் நடந்த ஒரு தேர்வில் 140 பேரில் 3 பேர்தான் தேறினார்கள். அதில் ஒரு கேள்வி: பிட்ச்சில் நிழல் விழுகிறது என்று பேட்ஸ்மேன் முறையிட்டால் என்ன செய்வீர்கள்? மரத்தின் நிழலையும் பெவிலியன் நிழலையும் கண்டுகொள்ள வேண்டாம். ஃபீல்டரின் நிழல் என்றால் அவர் அசையாமல் நிற்க வேண்டும், அசைந்தால் அது டெட் பால், அதாவது அந்தப் பந்து செல்லாது. மகனிடம் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

பெரிய ஆட்டக்காரராக இருந்தால்தான் அம்பயராக முடியும் என்பதில்லை. முன்னாள் இந்திய வீரர் வெங்கட்ராகவன் 57 டெஸ்ட் ஆடிவிட்டு 73 டெஸ்டுகளில் அம்பயராக நின்றார், சரி. ஆனால் 2023 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் முதன்முதலாக அம்பயராக நின்ற மூன்று பெண்களில் சென்னை ஜனனி சாஃப்ட்வேர் வேலையை விட்டு வந்தவர். மும்பை விருந்தா ராட்டி மைதானங்களில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தவர். உங்கள் வீட்டு நோட்டும் அந்த வேலைதான்.

பணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். ரஞ்சி போன்ற முதல்தர ஆட்டங்களுக்கு மேல்நிலை அம்பயர்களுக்கு ஒரு நாளைக்கு 40,000 ரூபாய், மற்றவர்களுக்கு 30,000 என்பது 2022 நிலவரம். அந்த இடத்துக்குப் போகும் முன் லீக் ஆட்டங்களில் கிடைப்பதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. அதனால் ஒரு பட்டமும் வாரநாள் வேலையும் கட்டாயம் வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் நிறுத்தினால் இந்த வழியும் போச்சு. நகை பீரோவிலேயே இருக்கட்டும், கல்லூரிக்குத் தேவைப்படும்.

மாமாவும் அப்பாவும் இல்லாத நேரத்தில் பையனிடம் ஒன்று கேளுங்கள்: வலைப்பயிற்சிக்குப் போகும் காலையா, நோட்டோடு உட்காரும் மாலையா, எது பிடிக்கிறது? மட்டைதான் என்றால் ஊரிலேயே பள்ளி முடிந்ததும் ஆடட்டும், மாவட்டத் தேர்வுகளுக்குப் போகட்டும். நோட்டு என்றால் மாவட்டக் கிரிக்கெட் சங்கத்தில் ஸ்கோரருக்குப் பக்கத்தில் உட்கார அனுமதி கேளுங்கள், அம்பயர் தேர்வுக்கு எந்த வயதில் விண்ணப்பிக்கலாம் என்றும் விசாரியுங்கள். அகாடமிக்காரர் முன்பணம் கேட்டுப் போன் செய்தால், பத்தாம் வகுப்புத் தேர்வு முடியட்டும் என்று சொல்லி வைத்துவிடுங்கள்.