பானையை விட்டுட்டு எந்தத் தீவுக்குப் போகப்போற?

அண்ணா வணக்கம்,

அமெரிக்க ஓவியர் வால்டர் ஆண்டர்சன் பத்தி நீங்க எழுதினதப் படிச்சதுலேருந்து மனசு அங்கயே நிக்குது. நான் ஐடில வேலை, சனி ஞாயிறுல வீல்ல பானை செஞ்சு அதுமேல பறவை, மீனுன்னு வரைஞ்சு கொஞ்சம் விக்கவும் செய்றேன். ஆனா கப்பு, தட்டு எல்லாம் வெறும் கைவேலை, ஓவியம்தான் கலைன்னு தோணுது. அவர் தனியா தீவுக்குப் போய் வரைஞ்ச மாதிரி நானும் எல்லாத்தையும் உதறிட்டு கடலோரமா எங்கயாவது போய் வரையலாம்னு இருக்கேன். மூணு வயசுல பொண்ணு இருக்கா, அதான் யோசனை. வாட்டர்கலருக்கு எந்தப் பேப்பர் நல்லது? நான் செஞ்ச ஜாடி போட்டோ வெச்சிருக்கேன்.

தம்பி,

பேப்பர் பெரிய விஷயமே இல்ல. ஆண்டர்சன் அந்தத் தீவுல வரைஞ்சது பெரும்பாலும் சாதாரண டைப்பிங் பேப்பர்ல. கிடைக்கிறதுல வரை.

அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலத்துக் கடற்கரையிலேருந்து சின்னப் படகுல மைல் கணக்கா துடுப்புப் போட்டு ஹார்ன் தீவுக்குப் போவாரு, படகையே கவுத்துப் போட்டு அடியில படுத்துப்பாரு, 1965ல பெட்ஸி புயல் அடிச்சப்பவும் அங்கதான் இருந்தாரு, இதெல்லாம் உனக்கு மனப்பாடமா இருக்கு. ஆனா தீவுக்குப் போகாத நாள்ல என்ன பண்ணாருன்னு உன் கண்ணுல படவே இல்லயே! ஓஷன் ஸ்பிரிங்ஸ்ங்கற ஊர்ல அவங்க அண்ணன் பீட்டர் 1928ல ஆரம்பிச்ச ஷியர்வாட்டர் பாட்டரிங்கற மண்பாண்டப் பட்டறையில உக்காந்து, பீட்டர் வனைஞ்ச பானைக்கும் தட்டுக்கும் பறவையும் மீனும் வரைஞ்சிட்டிருந்தாரு. அந்தக் காசுதான் தீவுக்கு அரிசி பருப்பு. நாலு பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு அவர் மனைவி சிஸ்ஸி டீச்சர் வேலைக்குப் போனாங்க. 1930கள் கடைசியிலேருந்து மனநோய், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இருந்த மனுஷன் அவரு. அந்தத் தனிமைய நீ ஆசப்பட்டு வாங்கிக்காதப்பா, ப்ளீஸ்.

கைவேலைன்னு எழுதியிருக்கியே, அதுலதான் எனக்குக் கோவம். சின்ன வயசுல எங்க தெரு வேளார் வீட்டுல, அந்தப் பாட்டி காயாத சட்டி மேல காவிக் கரைசல்ல துணியத் தோய்ச்சு ஒரே இழுப்புல கோடு போடுவாங்க. எங்கிட்ட ஒரு நாள் குடுத்தாங்க. நான் யோசிச்சு யோசிச்சு இழுத்தேன், கை தயங்கின எடத்துல எல்லாம் மண்ணு கரைசலக் குடிச்சு திட்டுத் திட்டா நின்னுடுச்சு. அழிக்கவும் முடியாது. பாட்டி எதுவும் சொல்லல, சட்டிய வாங்கி அடுத்ததக் குடுத்தாங்க.

பானையில வரையறதுக்கு ஓரம்னு ஒண்ணு கிடையாது, சுத்திப் போற கோடு கிளம்பின எடத்துக்கே வந்து ஒட்டணும், வயிறு உப்பற எடத்துல மீனும் உப்பும், கழுத்துல சிறுக்கும், நீ பாக்குற கலர் வேற சூளைலேருந்து வெளிய வர்ற கலர் வேற, அதனால கண்ணுக்கு முன்னாடி இல்லாததையும் சேத்து நினைச்சுதான் பிரஷ்ஷ வைக்கணும். இப்படி வருஷக்கணக்கா வேலை பாத்த கை ஆண்டர்சன் கை. அவரோட வாட்டர்கலர்ல ஒரு பெலிகன் பறவையோட கழுத்து எப்படி ஒரே வளைவுல இறங்குதுன்னு பாரு, அந்தத் தைரியம் பானை குடுத்ததுன்னு நான் அடிச்சுச் சொல்வேன். தீவு அவருக்குப் பறவையக் காட்டுச்சு, கோடு போடக் கத்துக் குடுத்தது பானைதான். நீ அத வுட்டுட்டு ஓடுறேங்கற!



உன் ஜாடி நல்லாருக்கு. உருண்டு வர்ற தோள்பட்டை ரொம்ப அழகு. ஆனா அந்தக் கொக்க நீ நேர்ல பாத்து வரையல, எங்கயோ படத்தப் பாத்து வரைஞ்சிருக்க. கால் நடுவுல தெரியற மூட்டு நம்ம முட்டி மாதிரி முன்னாடி வராது, அது அதோட கணுக்கால், பின்னாடிதான் போகும். ஞாயித்துக்கிழமை பாப்பாவத் தூக்கிட்டு வெள்ளன ஏரிக்கரைக்குப் போ, கொக்கு தண்ணியில ஒரு அடி எடுத்து வைக்க எவ்ளோ நேரம் எடுத்துக்குதுன்னு பாரு. அடுத்த சூளை வைக்கறதுக்கு முன்னாடி அதே ஜாடிய திரும்பச் செஞ்சு அந்தக் கால வரைஞ்சு எனக்கு போட்டோ அனுப்பு. வேலைய விடறதப் பத்தி அப்புறம் பேசலாம்.